வாசலில் ஒட்டிய கடிதம்

கம்பெனியிலிருந்து எந்த ஆங்கிலக் கடிதம் வந்தாலும், தனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், பட்டாசு ஒட்டும் பசையைத் தடவி ஆலை வாசல் சுவரில் ஒட்டிவிடுவார் போர்மேன் காளீஸ்வரன். இன்றும், வேலை விடும் நேரத்தில், ஒட்டினார்.

"வாயாடுறவளுக்கு வேலை காலின்னு போட்டிருக்கு, பாத்துக்கோங்கடி!"

போன வாரம் இவர் பெண்களை ஏசுவதைப் பற்றி முதலாளிக்கு மொட்டைக் கடிதாசி போட்டவள் எழில்தான்.

"ஏளா எழிலு, நீதான் பத்தாவது வரைக்கும் படிச்சவளாச்சே. சத்தமா வாசி!" என்றார் காளீஸ்வரன்.

வேலை முடிந்து வாட்ச்மேனிடம் திரும்ப வாங்கிய கைபேசியில், 'கம்போர்ட்' (comport) என்ற சொல்லுக்குப் பொருள் தேடினாள் எழில்; 'நடந்துகொள்' என்று வந்தது.

"கண்ணியமா நடந்துக்கணுமாம்ணே. இல்லேன்னா வேலை போயிருமாம்."

"நான் சொன்னேன்ல? பேரையும் வாசி. அந்தக் கழுதை யாருன்னு எல்லாருக்கும் தெரியட்டும்!"

எழில் மேல் வரியைப் பார்த்தாள்.

"திரு. காளீஸ்வரன், போர்மேன்" என்று சத்தமாகவே வாசித்தாள்.