ஒன்பதாவது விரட்டு

வேலியோரப் புதரில் மூன்று முட்டை இட்டிருந்த கொண்டைக்குருவிக்குக் காக்கைகளை நினைத்தாலே நடுக்கம். காவலுக்கு ஆள் தேடினாள்.

முதலில் வல்லூறு வந்தது. "பயப்படாதேம்மா. எத்தனை காக்கை வந்தாலும் விரட்டுறேன். கணக்கே கிடையாது."

"கூலி எவ்வளவுங்க?"

"நமக்குள்ள என்ன கூலி? குஞ்சு பொரியட்டும், அப்புறம் பேசிக்கலாம்." சொல்லும்போது அது கூட்டையே பார்த்தது.

அடுத்து, வால் பிளந்த கறுப்புப் பறவையான கரிச்சான் வந்தது. "தங்கச்சி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விரட்டுவேன். தடவைக்கு ஒரு புழு. எட்டு ஆனதும், இன்னும் ரெண்டுதான் பாக்கின்னு சீழ்க்கை அடிப்பேன். பத்துக்கு மேல வேணும்னா நீயே கேக்கணும். கேக்காம ஒரு புழுகூட ஏத்த மாட்டேன்."

வல்லூறு சிரித்தது. "உயிரைக் காக்குறதுக்கு எண்ணிக்கையாம்! பாரேன் இவனை."

"எனக்கு எண்ணத் தெரியும்," என்றாள் குருவி. கரிச்சானையே வைத்துக்கொண்டாள்.

குஞ்சுகள் பொரிந்த அன்று காக்கைகள் காலையிலேயே வரத் தொடங்கிவிட்டன. உச்சிப்பொழுதுக்குள் எட்டுத் தடவை ஆகி, சீழ்க்கை கேட்டது. பிறகு ஓர் அணில் புதரில் ஏறியது. கரிச்சான் சிறகை விரித்தது.

"இருங்கண்ணே, இதுக்கு நானே போதும்," என்று குருவி அணிலைக் கொத்தித் துரத்தினாள்.

சற்று நேரத்தில் புதர்மேல் ஒரு நிழல் விழுந்தது. வல்லூறு வந்திருந்தது. "குஞ்சு பொரிஞ்சிடுச்சாமே? பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

குருவி குஞ்சுகளின் மேல் நன்றாக அமர்ந்துகொண்டாள்.

"கரிச்சானண்ணே," என்று கூப்பிட்டாள், "ஒன்பதாவது."