மலை அங்கேயேதான் இருக்கும்

ஒரே அறையில் இரண்டு கேம் பெட்டிகள் இருந்தன; பழையது வெள்ளை, புதியது கருப்பு. ஆளுக்கொரு டிவி, ஆளுக்கொரு ஆன்லைன் ஆட்டச் சந்தா, ஓயாத சண்டை.

"உன் சந்தாவுல ஆடறதுக்கு நாலு பேர்தான் இருக்காங்க, கிழட்டு டப்பா" என்றது கருப்பு.

"உன்னோடதுல பாதிப் பேர் திட்டுறதுக்குன்னே வர்றாங்க" என்றது வெள்ளை.

அன்று கருப்பு முதல்முறையாக ஆன்லைன் இறுதிப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளையோ தனி ஆட்டத்தில், காலையிலிருந்து ஒரு பனிமலையில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது கரண்ட் போனது.

"ரெண்டு பேரையும் என்னால தாங்க முடியாது. ஒருத்தர் அணைஞ்சுடுங்க, இல்லேன்னா எல்லாமே போயிடும்" என்று இன்வெர்ட்டர் அலறியது.

சேவ் செய்யக்கூட நேரமில்லாமல் வெள்ளை தன்னை அணைத்துக்கொண்டது.

கருப்பு ஜெயித்தது. கரண்ட் வந்தபோது வெள்ளை மறுபடி மலையடிவாரத்தில் நின்றது.

"உச்சிக்குக் கிட்டவே போயிட்டீங்களே, ஏன் அணைஞ்சீங்க?" என்று கருப்பு கேட்டது.

"மலை அங்கேயேதான் இருக்கும். உன்கூட ஆடுறவங்க காத்திருக்க மாட்டாங்களே."

சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் விளக்கு லேசாக மங்கினால் போதும், கருப்பு திட்டுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்கும்: "அண்ணே, சேவ் பண்ணிட்டீங்களா?"