நூற்று நாலு கிலோ பொய்

“நூத்தி நாலா? சித்தி, என்னையும் என் வீட்டுக்காரரையும் ஒண்ணா ஏத்தி நிறுத்தாலும் அவ்வளவு வராது. அவர் சட்டைப் பையில ரெண்டு கல்லு போட்டாத்தான் வரும்.”

மேடைக்குப் பின்னால் இருந்த பயிற்சி அறையில் உட்கார்ந்து குண்டூசி வாய்விட்டே புலம்பினாள். எடை தூக்கப் பழகிய நாளில் கூட இருந்தவர்கள் வைத்த பெயர் அது. முப்பத்திரண்டு வயதாகி, ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகி, சர்வதேசப் போட்டியில் நாற்பத்தொன்பது கிலோ பிரிவுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. மற்ற நாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பயிற்சி கொடுப்பவள் சொந்தச் சித்தி.

“உன்னைத் தூக்கச் சொல்லலடி. எழுதிக் கொடுக்கத்தான் போறேன்,” என்றாள் சித்தி, அவள் தொடையைத் தேய்த்துவிட்டபடி. “ஆளுக்கு ஒரு வாய்ப்புதான் பாக்கி. அந்தச் சிவப்பு ஷூக்காரி முதல் சுத்துலயே உன்னைவிட ரெண்டு கிலோ அதிகம் தூக்கிட்டா. கடைசிக்கு நூத்தி ஒண்ணு எழுதியிருக்கா. நாம நூத்தி நாலுன்னு போட்டா, பயந்துபோய் அவளும் ஏத்துவா. ஏத்தினா கீழ போட்டுடுவா. அவ ஏத்தின உடனே நாம பழையபடி இறங்கிக்கலாம். எடையை மாத்த நமக்கு நேரம் இருக்கு. மூணாவது இடம் நம்ம கையில.”

சிவப்பு ஷூக்காரி அதே பெஞ்சின் மறுகோடியில் விரல்களுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தாள். முதுகில் வேறொரு நாட்டின் பெயர். அவளும் அவளுடைய பயிற்சியாளரும் வாயில் கூழாங்கல்லை உருட்டுவது போன்ற ஒரு மொழியில் பேசிக்கொண்டார்கள். காலையில் உடல் எடை பார்க்கும்போது குண்டூசியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்ததோடு சரி.

“அவ மூஞ்சியைப் பாருங்க சித்தி. பயப்படற மூஞ்சியா அது? பயப்படறவ நான். நூறு கிலோவை வாழ்க்கையில ஒரே தடவை தூக்கியிருக்கேன். அன்னைக்கு ஸ்பூன் பிடிக்கக்கூடக் கை வரல. என் பொண்ணு எனக்கு ஊட்டிவிட்டா. நூத்தி நாலெல்லாம் தலைகீழா நின்னாலும் என்னால முடியாது.”

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?”

“போன மூணு போட்டியிலயும் நாலாவதா வந்தவ வாயில வேற என்ன வரும்? நாலாவது இடத்துக்கு ஒரு மெடல் கண்டுபிடிச்சா எங்க வீட்டுச் சுவத்துல ஆணி அடிக்க இடம் இருக்காது. எங்க முதலாளி என்ன கேட்டார் தெரியுமா? ‘ஏம்மா, உனக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா’ன்னார்.”

சித்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “இதுதான் கடைசின்னு சொல்லிட்டு வந்திருக்கே. இதையும் கோட்டை விட்டா?”

“கடையில ஒரு கண்ணாடியை எடுத்து நானே மாட்டிக்கறேன். எதிர்ல இருந்த மெடல் கண்ணுக்குத் தெரியலேல்ல.” அதற்கு மேல் அவளுக்குக் கிண்டல் ஓடவில்லை. “பொண்ணுகிட்ட கொண்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் சித்தி,” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

சித்தி எழுந்து, அதிகாரியின் மேசைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சுவரில் இருந்த திரையில் குண்டூசியின் பெயருக்கு எதிரே எண் மாறியது. சிவப்பு ஷூக்காரியின் பயிற்சியாளர் அதைப் பார்த்துப் பதறிப்போனார். அவள் காதருகே குனிந்து படபடவென்று ஏதோ சொன்னார். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். அவர் மறுபடியும் கெஞ்சினார். அவள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, கையில் சுண்ணாம்புப் பொடியைத் தடவிக்கொண்டு மேடைக்குப் போய்விட்டாள்.

“ஏத்தலையே சித்தி.”

“ஆமா, ஏத்தல.” சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை.

மேடையில் இரும்பு விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே கைதட்டல். நூற்றொன்றைச் சுத்தமாகத் தூக்கியிருந்தாள். முதல் சுற்றின் ரெண்டு கிலோவையும் சேர்த்து இனி அவளைத் தாண்ட வேண்டுமானால் நூற்று நாலுதான். ஒரு கிலோ குறைத்துக்கொண்டாலும் மறுபடி நாலாவது இடம்.

“நீங்க எழுதின பொய்யை நான் தூக்கணும். நல்ல குடும்பத்துல வந்து பிறந்தேன்,” என்றபடி குண்டூசி எழுந்தாள்.

“சும்மா போய்த் தொட்டுட்டு வந்துடு. முதுகைக் கெடுத்துக்காதே,” என்றாள் சித்தி.

தொட்டுவிட்டு வரத்தான் போனாள். ஆனால் கம்பியைப் பிடித்ததும் கை விட மறுத்தது. இழுத்தாள். தோளுக்கு வந்துவிட்டது. குந்திய நிலையிலிருந்து எழ முடியவில்லை. கண்ணை இருட்டியது. கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். ஒரு மூச்சு. அடுத்த நொடி பாரம் தலைக்கு மேலே இருந்தது. முழங்கை மடங்கவில்லை. இறக்கச் சொல்லி மணி அடித்த பிறகும், தனக்குத்தானா என்ற சந்தேகத்தில் அப்படியே நின்றாள்.

செல்லும் என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகளும் எரிந்தன.

உள்ளே வந்தபோது சித்தி அவளைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். குண்டூசிக்கு அழத் தெம்பில்லை. அந்த நேரத்தில் யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். சிவப்பு ஷூக்காரி கைநீட்டிக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தாலும் சிரித்தாள்.

“வாழ்த்துகள் அக்கா,” என்றாள் பிசிறில்லாத தமிழில். “எடையை ஏத்து ஏத்துன்னு எங்க கோச் தலைபாடா அடிச்சுக்கிட்டார். உங்களால முடியவே முடியாதுன்னு நீங்க சொன்னதை நம்பி, நான்தான் வேண்டாம்னுட்டேன்.”