மாப்பிள்ளையின் எதிர்ப்பு

"இது கம்பெனியா, பாலர் பள்ளியா? குழந்தைகளுக்கு ஒரு அறையாம், ஆயாவாம்! வேற வேலையே இல்லையா உங்களுக்கு?"

கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சி.இ.ஓ. பொரிந்து தள்ளினார். ஹெச்.ஆர். டைரக்டருக்கு முகம் சிவந்து அழுகை முட்டியது.

நேற்று இதே மனுஷன்தான், "பிரமாதமான யோசனை மேடம், விட்டுடாதீங்க" என்றார். ஒரே ராத்திரியில் எந்தப் பேய் பிடித்தது?

நல்லவேளை, பெரிய முதலாளி காலத்து டைரக்டர்கள் மூவரும் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அந்தம்மா சொல்றதுல என்ன தப்பு? கைக்குழந்தையை விட்டுட்டு வந்தா யாருக்கு வேலை ஓடும்?" என்றார் மூத்தவர்.

அந்தக் கம்பெனியில் எதற்கும் ஓட்டெடுப்புதான். திட்டம் நிறைவேறியது.

ஜெயித்தும் அவளுக்குச் சந்தோஷமில்லை. பஸ் வசதி கேட்டபோதும் இதே கூத்து, பிரசவ விடுப்பை நீட்டியபோதும் இதே கூத்து. தனியே தட்டிக்கொடுப்பார், சபையில் காலை வாருவார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ரகமா? ஒன்றும் விளங்கவில்லை.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ராஜினாமா பண்றேன் சார். இனிமே உங்ககூட என்னால குப்பை கொட்ட முடியாது."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சற்றுமுன் இருந்த கடுகடுப்பு முகத்தில் துளியும் இல்லை.

"என் முதுகுக்குப் பின்னாடி இங்க என்னை எப்படிக் கூப்பிடறாங்க?"

அவள் தயங்கினாள். "மாப்பிள்ளைன்னு..."

"ம். முதலாளி பொண்ணைக் கட்டினதால வந்த நாற்காலின்னு அந்த மூணு பேருக்கும் வயித்தெரிச்சல். நான் கிழக்குன்னா அவங்க மேற்கு. கேன்டீனுக்கு வெள்ளையடிக்கலாம்னேன், அதையும் தோக்கடிச்சாங்க. நான் ஆதரிச்சு ஒரு திட்டமாவது பாஸாகியிருக்கா?"

யோசித்தாள். ஒன்றுகூட இல்லை. அவர் எதிர்த்த அவளுடைய திட்டங்களோ, அத்தனையும் பாஸ்!

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே, சார்?"

"சொல்லியிருந்தா உங்க முகம் அப்படிச் சிவந்திருக்குமா? உங்களுக்கு நடிக்க வராது மேடம். அதான் சொல்லல. மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்ப... என் ராஜினாமா?"

"தாராளமா கொடுங்க" என்றார் அவர். "அடுத்த கூட்டத்துல முதல் ஆளா எழுந்து அதை நான் பலமா ஆதரிக்கறேன்!"