எந்த லென்ஸ்?

"லென்ஸ்ல நெயில் பாலிஷ் ரிமூவர் ஊத்துனது யாரு?"

ஸ்டூடியோ முதலாளி கத்திய கத்தலில் மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்: கல்லாவில் இருந்த அவர் மனைவி, கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த போட்டோகிராபர், சீப்பும் கையுமாக நின்ற மேக்கப் அக்கா.

"நான்தான் சார்," என்றாள் மேக்கப் அக்கா.

"மூஞ்சில பூசுற சாமானும் லென்ஸும் உனக்கு ஒண்ணா? லென்ஸுக்கு லென்ஸ் லிக்விட் மட்டும்தான், அதுவும் துணியில ரெண்டே சொட்டுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்ல? ரிமூவர் பட்டா பிளாஸ்டிக் வெள்ளையா பூத்துப்போகும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சே செஞ்சியா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

போட்டோகிராபருக்குச் சுருக்கென்றது. லென்ஸ்கள் அவர் பொறுப்பு.

"எந்த லென்ஸ் சார்? பன்னிரண்டையும் காலையில நான்தான் துடைச்சேன். எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. நம்மகிட்ட பிளாஸ்டிக் லென்ஸே கிடையாதே."

முதலாளி வாசல் பக்கம் நகர்ந்தார்.

"நான் சொல்றேன்," என்றாள் மேக்கப் அக்கா. "பொண்ணுங்க துணி மாத்துற ரூம்ல, சுவர்க் கடிகாரத்துக்குள்ள ஒரு குட்டிக் கேமரா இருந்துச்சு. யாரு வெச்சதுன்னு கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டீங்க. அதான் ரிமூவரை ஊத்திட்டு, யாருக்குக் கோவம் வருதுன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

முதலாளியின் மனைவி எழுந்து போய்க் கடை ஷட்டரை இறக்கினாள்.

"இந்த ஆளு வெளிய போகக் கூடாது," என்றாள் போட்டோகிராபரிடம். "போலீஸுக்கு நான் போன் பண்றேன்."