நாற்பத்தோராவது தலை

மாநில மக்கள்தொகையின் கலவை ஒவ்வோர் ஊரிலும் அப்படியே இருக்க வேண்டும் என்று மிசிசிப்பியில் சட்டம் வந்த பிறகு, இசக்கிராஜ் குடியிருந்த ஊருக்கு ஆசியர் நாற்பது பேர் என்று அளந்துவிட்டார்கள். ஒரு தலை கூடினாலும் கடைசியாகக் குடிவந்தவர் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். கடைசியாக வந்தவன் செல்வின். கோழி ஆலையில் ஆறு வருடமாக இசக்கிராஜுக்குப் பக்கத்தில் நின்று தொடைக்கறி அறுப்பவன்.

ஒரு வியட்நாம்காரர் இறந்து ஓர் இடம் காலியான பிறகுதான் இசக்கிராஜும் மனைவியும் பிள்ளைக்குத் துணிந்தார்கள். வயிற்றில் இருந்ததோ இரட்டை. பிரசவத்துக்குள் இன்னோர் இடம் காலியாகும் என்று பார்த்தார்கள். ஆகவில்லை.

பிள்ளைகள் பிறந்த மறுநாள் செல்வின் ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"என்னல, பிள்ள பெத்தவன் எழவு வீட்டுக்காரனாட்டம் இருக்க?"

"எப்பம் கெளம்பணும்?"

"வெள்ளிக்கெழம. தெக்க ஏதோ மீன் ஆலையாம். கோழி நாத்தம் போயி மீன் நாத்தம், அவ்வளவுதான்." இரண்டாவது குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டான். "இவன்தான் என்னைய வெரட்டுனவனா? நல்லாருடே."

அந்தக் குழந்தை பிறந்ததும் அரை நிமிடம் அழவில்லை. நர்ஸ் அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அந்த அரை நிமிடமும், அது அழாமலே போய்விடட்டும் என்று இசக்கிராஜ் வேண்டிக்கொண்டு நின்றான். இப்படி ஒன்றைச் சொல்லி அழ அந்த ஊரில் அவனுக்கு இருந்த ஒரே ஆள் செல்வின். அவனோ குழந்தையின் கன்னத்தை முகர்ந்துகொண்டிருந்தான்.