ஐந்து டிகிரி

ஜார்ஜ்டவுனின் பகல் மழை ஆய்வக ஜன்னலை அறைகிறது. சிறு அடுப்புக்குள், குமுதா ஆறு மாதம் மூடிய ஜாடியில், கன ஹைட்ரஜன் கொண்ட கனநீரில் வளர்த்த படிகம் மெல்லச் சூடேறுகிறது. அதைக் கோத்துப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சாதாரணத் தண்ணீரில் உருவாகியிருந்தால் நாற்பத்தொன்பது டிகிரியில் ஒழுங்கு குலையும். கனநீரில் என்றால் அறுபது வரை தாங்கும். வளரும்போது ஈரக்காற்று பட்டுச் சாதாரணத் தண்ணீர் கலந்திருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட சூட்டிலேயே குலைந்து காட்டிக்கொடுத்துவிடும். திரையில் ஐம்பத்துமூன்று. குமுதா நாற்காலியை இழுக்கிறாள், உட்காராமலே தள்ளுகிறாள், பேனா மூடியைக் கழற்றி மாட்டுகிறாள். "உட்காருங்கக்கா, கிரிஸ்டல் எங்கயும் ஓடிறாதுலா," என்கிறாள் உடன் வேலை பார்க்கும் அமீரா. ஐம்பத்தைந்து. திரையில் கோடு விறுவிறுவென்று ஏறி, உச்சி தொட்டு, சரிகிறது; படிகம் குலைந்துவிட்டது. அறுபதுக்கு இன்னும் ஐந்து டிகிரி இருக்கிறது. "யாரோ ஜாடிய தெறந்து போட்டிருக்காங்க," என்று குமுதா அமீராவின் முகத்தையே பார்க்கிறாள். பேனா மூடி கைதவறி உருள்கிறது. அமீரா குனிந்து எடுத்து மேசையில் வைக்கிறாள். "தீபாவளிக்கு ஊருக்குப் போக நீங்க ஃபெரி பிடிக்க ஓடுனீங்கள்ல, அன்னிலேருந்து ஜாடி மூடி இங்கதான் கெடந்திருக்கு. லீவு முடிஞ்சு மூணாம் நாள் வந்து நான்தான் மூடுனேன்க்கா." குமுதா நாற்காலியை இழுத்து உட்காருகிறாள்.